மூன்றாம் மாடிக்கு ஒரு நாணயம்

எங்கள் கட்டட லிஃப்ட் காசு விழுங்கினால்தான் நகரும்.
முதலில் வந்த வடிவமைப்பாளரிடம் சில்லறை இல்லை.
பத்ரி இறங்கிப் போய் அழைத்துவந்தான்.
ஸாஸா என்று பெயர். வெள்ளைக் காலணி,
கழற்றாமலே உள்ளே வந்தார்.
"இந்தச் சுவர் போகும், இதுவும் போகும்" என்றார்,
சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடப்பவர் மாதிரி.
பிறகு மடிக்கணினியைத் திறந்து எங்கள் வீட்டைக் காட்டினார்:
சாம்பல் சோபா, சாம்பல் திரை,
கிண்ணத்தில் ஏழு எலுமிச்சை.
இத்தனை எலுமிச்சை யாருக்கு என்று கேட்டேன்.
அது நிறத்துக்கு என்றார்.

இரண்டாவது ஆள் வரவே இல்லை, குரல்தான் வந்தது.
சதுர மீட்டருக்கு இத்தனை லாரி, பாதி முன்பணம்,
கையெழுத்துக்கு அப்புறம் மனம் மாறக் கூடாது.
சொலொலாக்கியில் எந்தத் தெரு, வீடு எந்தத் திசை பார்க்கிறது,
ஒன்றும் கேட்கவில்லை.
"தெளிவான மனிதர்" என்றான் பத்ரி.

மூன்றாவதாக சியாலா.
காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்து ஏறிவந்தார்.
மூச்சு வாங்கியபடி முதல் வாக்கியம்:
"ஐம்பத்தெட்டுப் படி. பதினேழாவது ஆடுகிறது."
காதில் பென்சில். தோளில் சுண்ணாம்புப் பொடி,
வேறு யார் வீட்டுடையதோ.
படம் எதுவும் கொண்டுவரவில்லை.
முடித்துக் கொடுத்த மூன்று வீடுகளின் விலாசத்தை
ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார்.
"ஒரு வீட்டில் என்னைத் திட்டுவார்கள்.
முதலில் அங்கே போங்கள்."

போனேன். வேராவில் ஒரு பல் மருத்துவர்.
குளியலறைக் கதவு மூன்று மாதத் தாமதம் என்று
வாசலிலேயே தொடங்கிவிட்டார்.
திட்டிக்கொண்டே கூட்டிப்போய்
அந்தக் கதவைச் சாத்திக் காட்டினார்.
சத்தமே இல்லை.
திட்டி முடித்த பிறகு இன்னொரு முறை சாத்தினார்,
அது எனக்காக இல்லை.

அடுத்த முறை சியாலா கேள்விகளோடு வந்தார்.
சாவியை எங்கே போடுவீர்கள்?
யார் முதலில் எழுவது?
விருந்தாளிகள் எத்தனை பேர், போக மறந்தால் எங்கே படுப்பார்கள்?
"இரவில் எந்த அறை விளக்கு கடைசியில் அணையும்?"

படுக்கையறை என்றான் பத்ரி.
சமையலறை என்றேன் நான்.
ஒரே மூச்சில்.

நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டையும் எழுதிக்கொண்டார்.
எழுந்துபோய்ச் சமையலறையை ஒட்டிய
கண்ணாடி அடைத்த பால்கனியை அளந்தார்.
ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் என் கம்பளி,
என் முடி ஒட்டிய தலையணை.
"இங்கே யாராவது தூங்குவதானால்
ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வேண்டும்" என்றார்.
அவ்வளவுதான்.
அளவுநாடா சட்டென்று சுருண்டு உள்ளே போயிற்று.

கதவு மூடியதும் பத்ரி, "இந்தம்மா வேண்டாம்."
"ஏன்?"
"வீட்டை அளக்கச் சொன்னால் துருவுகிறார்."
ஆமாம் என்றேன்.
இரண்டு வருடத்தில் நாங்கள் ஒத்துப்போன
முதல் விஷயம் அதுதான்.
ஸாஸாவுக்குத் திங்கட்கிழமை பணம் அனுப்புவதாக முடிவாயிற்று.
எலுமிச்சை உட்பட.

ஞாயிறு இரவு காற்று.
சட்டத்து இடுக்கில் விசில் அடித்தது.
போர்வைக்குள் இருந்தபடியே போனில் எழுதினேன்:
கண்ணாடிக்கு மட்டும் என்ன ஆகும்?

அந்த நேரத்திலும் பதில் வந்தது.
ஒரு தொகை, மரச் சட்டத்துக்குத் தனி.
கீழே ஒரு வரி:
"கட்டில் பலகை அங்கேயே அடித்துவிடலாம்.
அகலம் ஒருவருக்கா, இருவருக்கா?"

தொழில்முறைக் கேள்விதான்.
மரக்கடையில் சொல்லியாக வேண்டும், சென்டிமீட்டரில்.

தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
சமையலறை விளக்கைப் போடுமுன்
இருண்ட நடையைப் பார்த்தேன்:
படுக்கையறைக் கதவடியில் மஞ்சளாக ஒரு கோடு,
அணையவில்லை.

நாளை லிஃப்டுக்குக் காசு தேட வேண்டாம்.
அந்தப் பதினேழாவது படிக்கு
யாராவது ஓர் ஆணி அடித்தால் போதும்.