கடன் எழுத்து

அவள் என்னை முதலில் கொன்றது
பதினெட்டாம் பக்கத்தில்,
ஆழியாற்றுக் கால்வாயில் கால் வழுக்கி.
எனக்கு நீச்சல் தெரியுமே என்றேன்.
கதையில் உனக்குத் தெரியாது என்றாள்.

மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியில்
கோழி லாரிகளின் சக்கரத்துக்கு
மருந்து அடிப்பவள் நான்.
ராத்திரி ஷிஃப்ட், தினக்கூலி.
எல்லைக்கு அந்தப்பக்கம், கோபாலபுரத்தில்,
எடைமேடையில் சீட்டுக் கிழிப்பவள் அவள்.
லாரி வெறுமையாய் ஒருமுறை,
சுமையோடு ஒருமுறை,
கழித்தால் வருவது சரக்கு.
வண்டி வராத இரண்டு மணிக்கு
சீட்டுகளின் முதுகில் எழுதுவாள்.
அட்டையில் அவள் பெயர் நிசி.
ரேஷன் கார்டில் மயிலாத்தாள்.

பள்ளியில் நான் படித்தது மலையாளம்,
வீட்டில் பேசியது தமிழ்.
அவள் புத்தகம் எனக்கு
மாவில் எறும்பு ஊர்ந்த தடம்.
அவள்தான் வாசிக்க வேண்டும்.
செல்போன் வெளிச்சத்தில்
நான் சாவதை நிதானமாக,
நடுநடுவே டீயை ஆற்றிக்கொண்டு
வாசிப்பாள்.

இரண்டாம் புத்தகத்தில் தூக்கு.
ஒரு பத்தி முழுக்கக் கயிறுதான்,
தேங்காய் நாரா நைலானா என்று.
எட்டுக் கவிதைகளில் நான் பிணம்.
ஒன்பதாவதில் பிணத்தைக் குளிப்பாட்டுகிறவள்,
தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று
பிணத்திடம் கேட்கிறவள்.
பெயர்கள் மாறும்: வடிவு, செல்லி, தங்கரளி.
இடது தோளில் தீத்தழும்பு மாறாது.
ஒரு கதையில் பெயரே கிடையாது.
அவள் அவளை அழைத்தாள்,
அவள் அவளுடைய கழுத்தில் உதடு வைத்தாள் என்று போகும்.
இதில் எது நான் என்று கேட்டேன்.
அது தெரிந்துவிட்டால் கதை கெட்டுப்போகும் என்றாள்.

பொள்ளாச்சியில்
கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம்.
சீட்டு எடுத்த பணத்தில் இருநூறு பிரதி.
மெய்ப்புப் பார்த்த பெரியவர்
அச்சுப்பிழை என்று நினைத்து
ஒருத்தியை ஆணாக்கி வைத்திருந்தாராம்.
வந்தான், தொட்டான், அழுதான்.
அறுபத்து மூன்று இடங்களில்
'ன்'-ஐ அடித்து 'ள்' போட்டாள்.
ஒரு சிவப்புப் பேனா தீர்ந்தது.
"ரெண்டும் பொண்ணுங்களாம்மா?" என்றாராம்.
ஆமாங்க என்றதற்கு
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
பாக்கித் தொகையைச் சொன்னாராம்.

ஏன்டி, இத்தனை பேரில் ஒருத்தியாவது
மறுநாள் எழுந்து பல் தேய்த்தால் என்ன?
கேட்டேன் ஒருநாள்.
ஜல்லி லாரி ஒன்று வந்தது.
இருபத்தெட்டு டன்.
சீட்டைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்:
செத்துப்போனவளை
யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள்.

அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில்
பதினோரு மாதம் இருந்தாள்.
அதைப் பற்றி மூன்று புத்தகத்திலும்
ஒரு வரி கிடையாது.

மூன்றாவது வந்திறங்கிய இரவு
பெட்டியை மேடைமேல் வைத்தோம்.
அறுபது டன் தாங்கும் மேடை
பூச்சியம் காட்டியது.
நான் ஏறினேன். அவள் ஏறினாள்.
நூற்று நாற்பது.
வண்டி எண் கேட்டது கம்ப்யூட்டர்.
காலியாக விட்டு அச்சடித்தாள்.
சீட்டு என் பர்ஸில் இருக்கிறது, எழுத்து மங்கிவருகிறது.

என் பெயருக்கு இரண்டே எழுத்து.
மலையாளத்தில் இரண்டும் வீட்டுப் பிள்ளைகள்.
தமிழில் கடன் எழுத்து,
போட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்பாள்.
நான் வாசிக்கக் கற்றுக்கொண்ட தமிழ்
அந்த இரண்டும்தான்.

நேற்று கையுறையைக் கழற்றிவிட்டு
புதுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் தேடினேன்.
ஜ தனியாக வந்தது. ஜன்னலாக இருக்கலாம்.
ஷ தனியாக வந்தது. விஷமாகத்தான் இருக்கும்.
அறுபத்தொன்றாம் பக்கத்தில்
இரண்டும் ஒட்டி நின்றன.
ஜிஷா.
முன்னால் என்ன, பின்னால் என்ன, தெரியவில்லை.
பெயரை அடுத்து ஒரு கமா.
கமா எனக்குத் தெரியும்.

இன்னும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை.
வெளியே கோழி லாரி
ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது.