மானுக்குப் பின்னால்

தஞ்சாவூர் தெற்கு வீதியில்
சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே
சூசைராஜ் துப்பாக்கிக் கடையில்
பேரேடு எழுதியவள் நான்.
அறுபத்து மூன்று, மார்கழி.
லைசென்ஸில் மை காயுமுன்
வந்து உட்கார்ந்தார் அய்யாறப்ப மழவராயர்.
மார்கழியில் கறி தொடமாட்டார். தையில்தான் வேட்டை.
கோடியக்கரை வெளிமானுக்கு
எந்த அளவுக் குழல் சரி?

முதலாளி கண்ணாடி மேசைமேல்
தோட்டாக்களை நிற்கவைத்தார்,
கல்யாண வீட்டுப் போட்டோவுக்கு
உயரவாரியாக நிறுத்துவதுபோல.

"இது இருபத்திரண்டு. முயலுக்கு, கவுதாரிக்கு.
மானை இதில் அடித்தால் அங்கே சாகாது,
ஓடிப்போய்ச் சாகும். புதருக்குள், மூன்று நாள்.
அந்தப் பாவம் என் கடைக்கு வேண்டாம்.
இது முந்நூற்றுப் பதினைந்து.
குண்டு மட்டும் இருநூற்று நாற்பத்து நாலு கிரெய்ன்."

கிரெய்ன் என்றால்?

"தானியம். ஒரு மணியின் எடை."

"என்ன நெல்? குறுவையா, சம்பாவா?"

கேட்டவர் சிரிக்கவில்லை.
பன்னிரண்டு வேலிக்காரர்,
எடை விஷயத்தில் விளையாடமாட்டார்.
முதலாளிக்குத் தெரியவில்லை. எனக்கும்.
தரகன் நீட்டிய மாதிரி நெல்லைப் பார்ப்பதுபோல்
குண்டை உள்ளங்கையில் உருட்டினார்,
பல்லில் வைத்துக் கடிக்காத குறை.

முந்நூற்று எழுபத்தைந்து மேக்னம் ஒன்று
பெட்டியை விட்டு எழவே இல்லை.
"அது யானைக்கு. முப்பத்தைந்து கிலோ மானை
இதில் அடித்தால் கொம்புதான் வீடு வரும்."

ஆக, முந்நூற்றுப் பதினைந்து.
திறந்த வெளி, புல், இருநூறு கெஜம்,
எல்லாம் பொருந்தியது.
மழவராயர் மடியை அவிழ்த்தார்,
நான் தேதி எழுதிவிட்டேன்.

ஜீப் ஓட்டிவந்த நாகூரான்
நாட்காட்டியைப் பார்த்தபடி கேட்டான்:
"படலைன்னா எங்க போயி விழும்?"

முதலாளி கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டினார்.
கடைசிப் பக்கம், பொடி எழுத்து.
இரண்டு மைல்.

மலைச்சீமையில் சுடுகிறவனுக்குப்
பின்னால் ஒரு மலை இருக்கிறது, வாங்கிக்கொள்ள.
நமக்கு ஆறு கொண்டுவந்து பரப்பிய தாம்பாளம்.
மேடு என்றால் வாய்க்கால் கரை,
அதைவிட மேடு கோபுரம்.
கோடியக்கரையில் மானுக்குப் பின்னால் சதுப்பு,
சதுப்புக்குப் பின்னால் உப்பளம்,
தையில் அங்கே
பாத்தி மிதிக்கிற பெண்கள்.
நாகூரானின் அக்கா அதில் ஒருத்தி.
அதை அவன் அன்று சொல்லவில்லை;
பிறகொரு நாள், வேறு பேச்சுக்கு நடுவே.

"பரண் கட்டி மேலிருந்து சுட்டால்
மண் வாங்கிக்கொள்ளும்" என்றார் முதலாளி.
மழவராயர் தன் முழங்காலைப் பார்த்தார்.

கடைசியில் பன்னிரண்டு போர், இரட்டைக் குழல்.
எல்.ஜி. தோட்டா ஐந்து.
நாற்பது கெஜத்துக்கு மேல் அதை நம்ப முடியாது.
நாற்பது கெஜத்தில்
உங்கள் வாய் வெற்றிலையை மான் மோந்துவிடும்.

மாசியில் திரும்பி வந்தார்.
வயிற்றால் ஊர்ந்தாராம், விடியுமுன்னிருந்து.
அறுபது கெஜத்தில்
ஒரு பெட்டை தலை தூக்கியதாம்,
மந்தை மொத்தமும் எழும்பியதாம்,
தரையில் கால் பட்டதாகவே தெரியவில்லையாம்.
இவர் வாயெல்லாம் சேறு.
அதைச் சொல்லும்போது
அவர் குரலில் தோற்றவன் இல்லை.

ஐந்து தோட்டாவையும் மேசைமேல் வைத்தார்.
எங்கள் பேரேட்டில் விற்றதற்குப் பத்தி உண்டு,
திரும்பி வந்ததற்கு இல்லை.
சர்க்கார் அச்சடித்தது.

"இருநூறு கெஜத்துக்கு ஏதாவது..." என்று இழுத்தார்.
முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
தலை நிமிராமல் கேட்டேன்,
"இருநூறில் மான். சரி.
இருநூற்று ஒண்ணில்?"

வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.
ஒரு காம்பைக் கிள்ளினார்.
இன்னொரு காம்பையும்.