நூற்றுத் தொண்ணூறு

அணைத்துப் பத்து நிமிஷம் ஆன பின்னும்
உள்ளே நானூறு வோல்ட் விழித்திருக்கும்.
முதலில் அதைத் தரையிறக்க வேண்டும்.
இடது கை பேன்ட் பாக்கெட்டில், என்பான் வாஜித்.
இரண்டு கையும் உள்ளே போனால்
நடுவில் இருப்பது நெஞ்சு.

கொசப்பேட்டை மாடியறையில் இரண்டு பெட்டிகள்.
என்னுடையது
ஆரணிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில்
இடைவேளைக்குப் பல்பொடி விற்ற ஆம்ப்ளிஃபயர்.
எடைக்குப் போக இருந்ததை மடக்கி
கிதார் நுழைய ஒரு வாய் வைத்தேன்.
அவனுடையது பிறவியிலேயே கிதார் பெட்டி.
பேரணாம்பட்டுத் தோல் மண்டிக்கு வந்த
ஏதோ வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போனது.
சூடேறினால் முன்துணியில்
இன்னும் ஆவாரம்பட்டை வாடை.

ஒன்பது மாதம் மாற்றினோம்.
இருபத்தைந்து மைக்ரோவைக் கழற்றிப் புள்ளி ஆறு எட்டு.
அடிவயிறு போய் மூக்கு வந்தது.
மூக்கு பிடிக்கவில்லை, மறுபடி இருபத்தைந்து.
அவன் ரஷ்ய வால்வு வாங்கினான்,
நான் பெங்களூர் வால்வு,
அப்புறம் என்னுடையது அவனுக்கு,
அவனுடையது எனக்கு.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனிச் சம்பளம்
கடுகளவு பார்சல்களாக வீடு வந்தது.

ஒப்பிடும்போது
அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பான்.
நான் ஸ்விட்சைத் தட்டுவேன்.
அதே ஸ்பீக்கர், அதே தடித்த கம்பி, அதே நான்கு அடி.
ஒண்ணா, ரெண்டா?
மார்க் கரண்ட் அட்டையின் பின்பக்கம், பென்சிலில்.

மதியமெல்லாம் அவன் பெட்டி.
சாயந்திரம் ஏழு தாண்டினால்
தவறாமல் என்னுடையது.
அடித்த சுரம் ஒரு கணம் உள்வாங்கி
பிறகு மெல்லத் திரண்டு மேலே வரும்.
இருட்டிய பிறகு கோட்டை மதிலில்
உள்ளங்கை வைத்திருக்கிறீர்களா,
அந்தச் சூடு.
கொட்டகைப் பெட்டிக்கு ராத்திரிதானே பழக்கம் என்றேன்.
காற்றில் ஈரம் என்றான்.
வேலூரில் ஏது ஈரம்.

ஒருநாள் மீட்டரைச் சுவர் பிளக்கிலேயே மறந்துவிட்டேன்.
மதியம் இருநூற்று இருபத்தெட்டு.
ஏழேகாலுக்கு நூற்றுத் தொண்ணூறு.

கீழே பூங்காவனம் அக்காவின் மாவுக்கடை.
ஏழு மணிக்கு மூன்று கிரைண்டர்.
எதிர் வரிசை முழுக்க போர் மோட்டார்.
எங்கள் ஒன்பது மாதத்தின் மேல்
தெருவே சேர்ந்து உட்கார்ந்து
சுரத்தைப் பிசைந்துகொண்டிருந்தது.

வாஜித் சிரிக்கவில்லை.
அட்டையைத் திருப்பி
மூன்றாவதாக ஒரு கோடு போட்டு
மேலே ‘வோல்ட்’ என்று எழுதினான்.

எனக்கு வேறொரு தாள் ஞாபகம் வந்தது.
பிப்ரவரியில் அக்கா மேலே கொண்டுவந்த மனு.
‘இன்னாப்பா இது, கிரைண்டர் முக்கிகினே கீது,
டியூப்லைட்டு கண்ணடிச்சிகினே கீது,
நீயும் ஒரு கையெழுத்து போடு.’
மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
சால்டரிங் அயர்ன் ஆறிவிடக்கூடாதென்று
படிக்காமலே போட்டேன்.

ஜூனில் கிரேன் வந்தது.
முனையில் புது டிரான்ஸ்ஃபார்மர்,
வெள்ளிப் பெயின்ட்டுக்கு மேல் குங்குமம்.
தெரு கைதட்டியது. நானும் தட்டினேன்.

அன்று ஏழரை மணி.
மீட்டரில் இருநூற்று முப்பத்தொன்று.
சுரம் இஸ்திரி போட்ட காலர் மாதிரி நின்றது.
வாஜித் அதே நான்கு அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.
நான் ஸ்விட்சைத் தொடவே இல்லை.
‘ஒண்ணா, ரெண்டா?’ என்று அவனே கேட்டுக்கொண்டு
கிதாரைக் கட்டிலில் சாய்த்தான்.

இறங்கிப் போனோம்.
அக்காவின் முன்கை வரை மாவு.
‘இப்ப பாரு, எப்டி சுத்துது!’
மூணையும் ஒரே நேரத்துல போட முடியுமாக்கா,
ஒரு அரை மணி நேரம்?
எதற்கென்று அவள் கேட்கவில்லை.

‘மூணும்தாம்பா ஓடிகினு கீது.’

வாஜித் மீட்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.
பிளக்கில் சொருகி, குனிந்து பார்த்து,
எனக்குக் காட்டினான்.
இருநூற்று முப்பது.