நிறமிழப்பு: உண்டு / இல்லை

திருகோணமலைக்கு மாதம் ஒருக்கால் அனுப்பும் படிவத்தில்
பதினோராவது கேள்வி அது.
பொருந்தாததை வெட்டிவிட வேண்டும்.
நாலு வருசமாக நான்
'இல்லை'யைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

கந்தளாய்க் குளத்துக்கு வருகிறவற்றில்
முழுக்கறுப்பு என்று ஒன்றுமில்லை.
காது மடிப்பில், தும்பிக்கை அடியில்,
கன்னத்தில், கழுத்துக்குக் கீழே
கறுப்பு மெல்லப் பின்வாங்கிப்போன இடங்கள்.
வயது ஏற ஏற,
ஆவணியில் குளம் கரையை விடுவதுபோல.
அதுவரை உள்ளே இருந்த இளஞ்சிவப்பு
அப்போதுதான் முதன்முதல் வெயிலைப் பார்க்கிறது.

காதைப் படமெடுத்து, திட்டுகளை எண்ணி
இவன் இவன்தான் என்று எழுதுவது என் வேலை.
கே-27, அலியன், நாற்பது இருக்கும்.
இடது காதில் கொட்டியாரக் குடா.
அப்படியே குறித்திருக்கிறேன்:
வளைவு, வாய்,
உள்ளே ஒரு சிறுதீவு,
எல்லாம் சரி.

அன்று விடிய ஆறேகாலுக்கு ஜெசீம் போன் எடுத்தான்.
"மிஸ், சீனி ஆலைக்குள்ள வெள்ளை யானை."
சிரித்துவிட்டேன்.
ஊரில் அந்த ஆலைக்கே அதுதானே பெயர்.
கரும்பு போய், சங்கு ஊதுவது போய்,
காவலுக்கும் கணக்குக்கும் மட்டும்
இன்னும் தீனி போட்டுக்கொண்டிருக்கும் இரும்பு.
"ஐயோ இல்ல மிஸ்," என்றான்,
"இது நடக்குது."

நாங்கள் போக முதல் ஊர் போய்விட்டது.
மதிலில் பிள்ளைகள்,
பிள்ளைகளின் தலைக்கு மேல் போன்கள்.
இடிந்த களஞ்சியத்தின் வாசலில்
அது நின்றது.
வெள்ளை. மெய்யாகவே வெள்ளை.
இமை மயிரும் வெள்ளை.

சந்திப் பிள்ளையார் கோயில் ஐயர்
ஐராவதம் என்றார்.
மிச்சக் கொம்பெல்லாம் எங்கே என்று யாரோ கேட்க,
கலியுகத்தில் இவ்வளவுதான் என்றார்.
டிராக்டர் சோமதாச செருப்பைக் கழற்றிவிட்டு
ஒரு தாயின் கனவைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்.
ஜெசீமின் உம்மா மட்டும்,
"வெள்ளையோ பச்சையோ,
ராத்திரி என்ர மரவள்ளியத் திண்டது இவன்தான்" என்றா.

எனக்குத் தெரியவில்லை.
காது முழுக்கச் சுண்ணாம்பு.
குடாவும் இல்லை, தீவும் இல்லை.
கரும்புச் சாற்றைத் தெளிய வைக்க
எப்போதோ வாங்கி அடுக்கிய மூட்டைகள்;
கிழிந்து, கூரை ஒழுகி,
முப்பது மாரி குடித்து
சூடு செத்த சுண்ணாம்பு.
அதில் மண்ணில் புரள்வதுபோல
இரவு முழுக்கப் புரண்டிருக்கிறான்.

அரசன் ஒருவனைக் கெடுக்க நினைத்தால்
வெள்ளை யானை ஒன்றைப் பரிசாகக் கொடுப்பானாம்.
வேலை வாங்கக் கூடாது, விற்கக் கூடாது.
யானையை யாரும் கேட்டதாக
அந்தக் கதையில் இல்லை.

எட்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி
அவன் எங்களைக் கடந்து குளத்துக்கு நடந்தான்.
கூட்டம் பின்னால்,
பக்தி ஒரு முப்பது யார் தள்ளி.
முழங்கால், வயிறு, முதுகு,
பிறகு தும்பிக்கையின் நுனி மட்டும்.
சுற்றிவரப் பால் கலங்கியது.

எழும்பியபோது கறுப்பு.
"சீ, நம்மட யானை" என்றது ஒரு பிள்ளை.
போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.
இடது காது விரிந்தது:
வளைவு, வாய், தீவு.
என் தொண்டைக்குள் ஏன் ஏதோ அடைத்தது
என்று தெரியாது.

ஐயர் எறிந்திருந்த செவ்வரத்தை மாலையை
எடுத்தான், இரண்டுதரம் உதறினான்,
தின்றான்.
பிறகு சேற்றை அள்ளி
சிவந்த இடமாகப் பார்த்து அப்பத் தொடங்கினான்.
அங்கேதான் வெயில் சுடும்.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
'கே-27. காலை எட்டேகால் வரை வெள்ளை.'

ஜெசீமின் உம்மா ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றா.
மரவள்ளிக்கு இழப்பீடு, அது வேறு படிவம்.
ஏழு பக்கம்.
அதில் நிறம் கேட்பதில்லை.