எத்தனை நாளா?

முப்பத்தோராவது மணித்தியாலம்.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
கட்டில்கள் நிரம்பி, கட்டில்களுக்கு அடியிலும் ஆட்கள்.
பாயில் கிடந்தவரின் விரல்களை மிதித்துவிட்டேன்.
அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

காய்ச்சல் எத்தனை நாளா?
வயிற்றுக்குத்து எத்தனை நாளா?
நெஞ்சுக்குள்ள என்னமோ... சரி, எத்தனை நாளா?
கதை சொல்ல வாயெடுக்கிறவர்களை
இந்தக் கேள்வியால் வெட்டப் பழகி ஏழு மாதம்.
கிரானில் வெள்ளம் ஏறியது, மாடு செத்தது,
கட்டாரிலிருந்து மகன் காசு அனுப்பாதது,
இதற்கெல்லாம் டிக்கெட்டில் இடமில்லை.

நேற்று அம்மா போன் எடுத்தா.
தலையிடிக்குது மகள் என்றா.
எத்தனை நாளா, வாந்தி இருக்கா,
பார்வை மங்குதா, பிறஷர் பார்த்தீங்களா
என்று போய்க்கொண்டே இருந்தேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ஒண்டுமில்ல, டொக்டர்" என்று வைத்துவிட்டா.

ஆய்வுக்கென்று யாரோ விரிவுரையாளர் தந்த தாள்
கோட்டுப் பைக்குள் நாலாய் மடிந்து கிடக்கிறது.
'நோயாளியின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன்.'
ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதும் வரை
ஏழு கட்டங்கள்.
வைத்துப் பார்த்தேன்.
அவர் படுத்திருக்கிறார்.
பொறாமையாக இருந்தது.
அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றரைக்குப் பதினேழாம் கட்டில் அடங்கியது.
நேரம் எழுதினேன்.
எழுத்து நேராகத்தான் விழுந்தது.
வெளியே வாங்கில் அவர் மனைவி,
ஓட்டமாவடி ஹயாத்தும்மா.
சொன்னேன்.
முக்காட்டை இழுத்து வாயில் பொத்திக்கொண்டு
நெடுநேரம் கழித்துக் கேட்டா:
"கடைசியில அவர்ர கையப் புடிச்சிக்கிருந்த நீங்கதானே மகள்?
கண்ணாடியால கண்டன்."

பிடித்திருந்தது மணிக்கட்டை.
தேடிக்கொண்டிருந்தது நாடியை.

ஓம் உம்மா, என்றேன்.

ஏழு மணிக்குள் விரிப்பு மாற்றி
பதினேழில் வேறொருவர்.
வெல்லாவெளி, வயல்காரர், பெயர் கந்தவனம்.
வாயில் வந்த கேள்வியை விழுங்கிவிட்டுக்
கையை எடுத்தேன்.
பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவதுதான் வழக்கம்.
முழு நிமிடமும் எண்ணினேன்.
இரக்கமா, பெருக்கத் தெரியாத அளவுக்குக் களைப்பா,
கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த ஒரு நிமிடம்
கட்டில் விளிம்பில் நானும் இருந்தேன்.
அவர் கொஞ்சம் தள்ளி
இடம் விட்டார்.