கடைசி இலக்கம்

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில்
நவம்பர் முடிந்தால் வெயில்
மலைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஊர் நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில்
ஸ்டெயின்தோர் மெல்ல இறங்குகிறான்.
கை இன்னும் மீன் நாறுகிறது.
தலைமேல் பனி, கழுத்துக்குக் கீழே நாற்பது டிகிரி.

ஏற்கெனவே மூன்று பேர்.
காட் மீன் விலை, நகராட்சி,
ஹாப்லிதியின் வலது முழங்கால்.
"நீ எப்படி?" என்கிறாள் தபால்காரி ஸ்வான்லாய்.

நுனிநாக்கில் தயாராய் நின்ற பதிலை
விழுங்கிவிட்டுச் சொல்கிறான்:
"மூணு வாரமா எதுவும் ருசிக்கல.
காலுறை மாட்டவே ஒரு மணி நேரம் ஆகுது."

ஆவி எழுகிறது.
யாரும் தைரியமாய் இரு என்று சொல்லவில்லை.
உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களை
யாரும் துணைக்கு அழைக்கவில்லை.

"போன வருஷம் எனக்கு
இடது காலுறைதான் தகராறு," என்கிறாள் அவள்.
"டாக்டர் நம்பர் தரட்டுமா?"

தண்ணீருக்குள் ஏது பேனா?
ஏழு இலக்கம்.
அவள் சொல்ல அவன் சொல்ல,
பனி வாரும் வண்டி ஓட்டுகிற ஹாப்லிதியும்
எதற்கும் இருக்கட்டும் என்று முணுமுணுக்க,
பேசவே பேசாத அந்த நான்காவது ஆளும்
உதடசைக்க.

உடைமாற்றும் அறையில்
ஒரு காலுறை மாட்டியாயிற்று.
ஆறு இலக்கம்தான் நினைவிருக்கிறது.

இடுப்பில் துண்டோடு,
ஒற்றைக் காலுறையோடு
பனிக்குள் கதவைத் திறந்து கத்துகிறான்:
"கடைசி என்ன?"

ஆவிக்குள்ளிருந்து மூன்று குரல்கள்,
கொஞ்சம் முன்னே பின்னே:
"ஒன்பது!"