இருபத்துநாலு மணி நேரம்

கோரிப்பாளையம், லேப், மூன்றாம் மாடி.
மார்பில் ஐந்து வயர் ஒட்டி
கையில் ஒரு நோட்டும் கொடுத்தனுப்பினேன்:
எந்நேரம் என்ன செய்தீர்கள், எழுதுங்கள்.

ஞானசெல்வி, நாற்பத்தொன்று,
செல்லூர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர்.
ஆறு மணி: பால் வாங்கினேன்.
பத்து: கடை.
நாலு: கடை.
பத்தரை: தூங்கிவிட்டேன்.

திரையில் அப்படி இல்லை.
நள்ளிரவில் எவருக்கும்
கடை ஷட்டர் போல இறங்கிவிடும் கோடு
இவருக்கு ஒன்றரைக்கும் தொண்ணூறு,
மூன்றுக்கும் தொண்ணூறு.

மாட்டுத்தாவணியில் மல்லிகை மூட்டை இறங்கும் நேரம் அது.
பரோட்டாக் கல் இன்னும் ஆறியிருக்காது.
ஊர் விழித்திருக்க
ஊருக்குக் காரணம் இருக்கிறது.

காலையிலும் ஏறவில்லை கோடு.
விடிந்த தகவல்
நெஞ்சுவரை போய்ச் சேரவில்லை.

டாக்டர் எழுதினார்:
துடிப்பு சீர். பயமில்லை.
தப்பென்று சொல்ல முடியாது.

சாயங்காலம் போன் போட்டேன்.
“ஒரு வயர் கழன்டிருந்துச்சும்மா,
இன்னொரு தடவை வரணும்.”
பொய்தான்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
தராசுத் தட்டின் சத்தம் மட்டும்.

பிறகு கேட்டார்:
“கழன்டது
அதுல தெரியுதா?”